46,000 சம்பளம், 14 மாதக் குழந்தை, தாம்பரத்தில் வாடகை வீடு: மாதக் கடைசியில் ஏன் ஒன்றும் மிஞ்சுவதில்லை?

கேள்வி: குட்டிம்மா_அம்மா

வணக்கம் தோழிகளே, சகோதரர்களே. மூன்று பேர் குடும்பம், ஒரே சம்பளம். பிடித்தம் போகக் கைக்கு வருவது 46,000. பெண் குழந்தைக்கு 14 மாதம் ஆகிறது. கணக்கை அப்படியே போடுகிறேன், எங்கே கை வைக்கலாம் என்று சொல்லுங்கள்.

வாடகை 11,000. பைக் தவணை 3,400. ஊருக்கு மாமனார் மாமியாருக்கு 4,000 (இதில் கை வைக்க முடியாது). நகை அடகு 1,20,000, நூற்றுக்கு ஒன்றரை வட்டி, மாதம் 1,800. அசலில் இதுவரை எதுவும் குறையவில்லை. நகைச் சீட்டு 3,000, பதினொரு மாதத்தில் ஏழு கட்டியாயிற்று. மளிகை, காய்கறி 7,500. பால் 2,000. டயாப்பர், வைப்ஸ் 2,400. பெட்ரோல் 2,500. போன், நெட் 1,100. வெளிச்சாப்பாடு, ஆர்டர் போடுவது 3,500. கேஸ் ஏறக்குறைய 800. சிலிண்டர் 35 நாளுக்கு மேல் வருவதில்லை. கரண்ட் பில் போன முறை 510 யூனிட், 2,124 ரூபாய். வீட்டுக்குத் தனி மீட்டர்தான்.

கூட்டினால் 44,000 சொச்சம். மிச்ச 2,000 எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அடுத்த தடுப்பூசிக்கு மட்டும் தனியாரில் 3,800 ஆகும் என்கிறார்கள். ரேஷன் கார்டில் எங்கள் பெயர் இன்னும் மாமியார் வீட்டு கார்டிலேயே இருக்கிறது. "காபியைக் குறை, சினிமாவைக் குறை" மாதிரி அறிவுரை வேண்டாம். அதெல்லாம் ஏற்கெனவே இல்லை.

---

பதில் 1: கணக்குப்பிள்ளை

உங்கள் பட்டியலில் மளிகையைத் தொடும் முன்னால் பார்க்க வேண்டியது இரண்டு வரி: அடகு, நகைச் சீட்டு. ஒரு பக்கம் நகை அடகில் இருக்கிறது, அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இன்னொரு பக்கம் புது நகைக்காக மாதம் 3,000 சேர்க்கிறீர்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கவே கூடாது.

முதல் வேலை, அடகை வங்கிக்கு மாற்றுவது. பொதுத்துறை வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 9 முதல் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. 1,20,000க்குப் பத்து சதவீதம் என்றே வைத்தாலும் மாதம் 1,000. அந்த இடத்திலேயே 800 மிச்சம்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நகையை மீட்டால்தான் வங்கியில் வைக்க முடியும், மீட்கப் பணம் இல்லை. உங்கள் அடகு ஒரே ரசீதா, இரண்டு மூன்று ரசீதா என்று பாருங்கள். பிரித்து வைத்திருந்தால் வேலை சுலபம். சின்ன ரசீதை முதலில் மீட்டு வங்கியில் வையுங்கள், அந்தப் பணத்தில் அடுத்ததை மீட்கலாம். அடகு வைத்த நாளைவிடத் தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இப்போது கூடுதல் தொகை கிடைக்கும், இந்தத் தொடர் நடுவில் நிற்காது. ஒரே ரசீதாக இருந்தால், அடகுக் கடனை வங்கியே நேரடியாக அடைத்து நகையை எடுத்துக்கொள்ளும் வசதி உண்டா என்று கிளையில் கேளுங்கள். சில இடங்களில் செய்கிறார்கள்.

போகும்போது ரசீது, ஆதார், பான், பாஸ்புக் வேண்டும். மதிப்பீட்டாளர் கல், அரக்கு எடையைக் கழித்துத்தான் பார்ப்பார். ரசீதில் மொத்த எடை, நிகர எடை இரண்டும் எழுதியிருக்கிறதா என்று நகையைக் கொடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். மதிப்பீட்டுக் கட்டணம் தனி. "இன்னும் நாற்பதாயிரம் கிடைக்கும் மேடம்" என்று ஆசை காட்டுவார்கள். 1,20,000க்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள்.

இரண்டாவது, இப்போது வட்டிக்குப் போகும் 1,800, சீட்டுக்குப் போகும் 3,000, ஆக மாதம் 4,800ஐ அப்படியே இந்தக் கடனுக்குத் திருப்புங்கள். பத்து சதவீதத்தில் 28 மாதத்தில் கடன் முழுக்க அடைந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். இப்போது போகிற மாதிரியே போனால் அதே 28 மாதத்தில் வட்டி மட்டும் 50,400 கட்டியிருப்பீர்கள், அசல் 1,20,000 அப்படியே நிற்கும்.

கடன் எடுக்கும்போது "இடையிடையே அசலில் கட்டலாமா" என்று கேட்டுவிடுங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் வகைதான் நகைக்கடனில் அதிகம். அதில் நாமாகக் கட்டாவிட்டால் வட்டி ஏறிக்கொண்டே போகும், யாரும் நினைவூட்ட மாட்டார்கள். சம்பளம் வந்த மறுநாளே கட்டுவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சீட்டை இன்றே நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து.

---

பதில் 2: அஞ்சலக_அண்ணாச்சி

கணக்குப்பிள்ளை சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏழு மாதம் கட்டிய நகைச் சீட்டை நடுவில் நிறுத்தினால் பெரும்பாலான கடைகளில் கட்டிய பணம் மட்டும்தான் திரும்பும், சலுகை போய்விடும். மீதி நான்கு தவணையையும் கட்டுவதால் உங்களுக்கு எவ்வளவு நட்டம்? அடகு 18 சதவீதத்திலேயே இருந்தாலும் 3,000 வீதம் நான்கு, மூன்று, இரண்டு, ஒரு மாதத்துக்கு வட்டி போட்டால் 450 ரூபாய். முடித்தால் என்ன லாபம்? 33,000க்கு நகை எடுக்கும்போது சேதாரம் 12 சதவீதம் முழுக்கத் தள்ளுபடி என்றால் 3,960. ஆக நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம். அடுத்த சீட்டுதான் போடக் கூடாது.

ஆனால் சீட்டு அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேதாரத் தள்ளுபடிக்கு மேல்வரம்பு உண்டு. "18 சதவீதம் வரை" என்று போட்டிருந்தால் அதற்குள் வரும் நகையைத்தான் எடுக்க வேண்டும், வேலைப்பாடு கூடிய நகையில் மிச்சத்துக்கு நம்மிடம் வாங்குவார்கள். தங்கக் காசு எடுத்தால் சலுகை இல்லை என்பார்கள் பல கடைகளில். 3 சதவீத ஜி.எஸ்.டி. எப்படியும் நம் தலையில்தான். நகையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் ஹெச்.யு.ஐ.டி. என்ற அடையாளக் குறி இருக்கும். முத்திரை விஷயத்துக்கான அரசின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால் எத்தனை காரட், எங்கே முத்திரை போட்டது என்று வந்துவிடும், கடையிலேயே நின்று பாருங்கள்.

இந்தச் சீட்டுகள் ஏன் பதினொரு மாதம் என்று கேட்பவர்களுக்கு: பொருளுக்கு வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுக்காவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்று 2014ஆம் ஆண்டு கம்பெனி விதி சொல்கிறது. வைப்புத்தொகை ஆனால் கட்டுப்பாடுகள் அதிகம், அதனால் அதற்குள் முடிக்கிறார்கள். வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் காப்பீடு இதற்குக் கிடையாது. கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

பெண் குழந்தை என்பதால் செல்வமகள் சேமிப்புத் திட்டம். பத்து வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 ஆண்டு கட்ட வேண்டும், தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டில் முதிர்வு. வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும், 2024 ஜனவரியில் 8.2 சதவீதம் ஆனது. இந்த வட்டி நீடித்தால் மாதம் 1,000 கட்டுவதற்கு முதிர்வில் ஐந்தரை லட்சத்தை ஒட்டி வரும். 18 வயதில் அல்லது பத்தாவது முடித்ததும் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம், அதற்கு முன்னால் சாதாரணமாக எடுக்க முடியாது. இந்தப் பூட்டுதான் இதன் பலம், கையில் ரொக்கம் இல்லாத உங்களுக்கு இப்போது இதுவே பலவீனமும்கூட.

அதனால் இப்போது 250 கட்டிக் கணக்கை மட்டும் திறந்து வையுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்று, பெற்றோர் ஒருவரின் ஆதார், பான், இரண்டு படம் போதும். ஆண்டுக்கு 250 தவறினால் 50 ரூபாய் அபராதம் கட்டித்தான் கணக்கை உயிர்ப்பிக்க முடியும். கடன் முடிந்த பிறகு பெரிதாகக் கட்டலாம். கட்டும்போது மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டுங்கள், ஏனென்றால் 5ஆம் தேதிக்குப் பிறகு மாத முடிவு வரை இருக்கும் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 6ஆம் தேதி கட்டினால் அந்த மாத வட்டி போச்சு.

அவசரத்துக்கு வங்கியில் ஓராண்டு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) மாதம் 1,000 போடுங்கள். அஞ்சலக ஆர்.டி. ஐந்து ஆண்டு, அது இப்போது உங்களுக்குப் பொருந்தாது.

அலுவலகத்தில் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, குழந்தையின் பெயரைச் சேர்த்தாயிற்றா என்று பாருங்கள். வேலையை விட்டால் அது அன்றே நின்றுபோகும் என்பதை மறக்க வேண்டாம். சம்பாதிப்பவர் பெயரில் டேர்ம் பாலிசி (பாலிசி காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) ஒன்று கட்டாயம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. "கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்" வகை பாலிசிக்கு யாராவது வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

---

பதில் 3: மீட்டர்_மாமா

510 யூனிட் 2,124 ரூபாய் என்று பார்த்ததும் வயிறு எரிந்தது. 500க்குள் நின்றிருந்தால் பில் 1,805. வெறும் பத்து யூனிட்டுக்கு 319 கொடுத்திருக்கிறீர்கள்.

காரணம் இதுதான். 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை என்றால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500ஐத் தாண்டினால் 2.35 என்ற படியே கிடையாது, 101இலிருந்தே 4.70 போடுவார்கள். அதில் மட்டும் 235 ரூபாய். அதற்கு மேல் 501 முதல் ஒவ்வொரு யூனிட்டும் 8.40. ஆக 501ஆவது யூனிட்டின் விலை 243 ரூபாய்.

உங்கள் 510 எங்கே போனது என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். 16 மணி நேரம், 60 நாள் என்றால் ஒன்றுக்கு 72 யூனிட், இரண்டுக்கு 144. ஏசி ஒரு டன் இன்வெர்ட்டராக இருந்தால் மணிக்கு அரை யூனிட் அளவில், ராத்திரி ஏழு மணி நேரம் ஓடினால் 210. ஃபிரிட்ஜ் 35. கீசர் தினம் அரை யூனிட் என்றால் 30. வாஷிங் மெஷின், மிக்ஸி, டிவி, விளக்கு எல்லாம் மிச்சம். ஏசி பழைய மாடல் என்றால் அதன் பங்கு இன்னும் கூடும். ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். ஃபிரிட்ஜ் எண்ணை ஆறால் வகுத்தால் ஒரு பில்லின் பங்கு. ஏசி எண்ணை அப்படி வகுக்காதீர்கள், அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது.

காசு செலவில்லாத வேலை முதலில். டிவி செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் அது உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். 10 வாட் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். சுவர் சுவிட்சை அணைத்திருந்தால் அந்த 319 ரூபாய் உங்கள் கையில். ஏசியை 26இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள், குழந்தைக்கும் அதுதான் நல்லது. ஒவ்வொரு டிகிரி ஏற்றினாலும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் வாரியம் சொல்லும் கணக்கு. ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவ வேண்டும். தூசி அடைத்தால் குளிர் வராது, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும்.

செலவு செய்து மிச்சம் பிடிப்பது என்றால் ஃபேன்தான், வேறு எதுவும் கிட்டே வராது. பி.எல்.டி.சி. என்பது குறைந்த கரண்டில் ஓடும் புது வகை மோட்டார், அந்த ஃபேன் 28 முதல் 35 வாட். இரண்டை மாற்றினால் 144 யூனிட் 58 ஆகும். 510 என்பது 424 ஆகி, பில் 1,326க்கு வந்துவிடும், ஒரு பில்லுக்கே 798 ரூபாய் குறைவு. ஃபேன் ஒன்று மூவாயிரம் சொச்சம் வைத்துக்கொண்டால் வெயில் கால பில்களில் சீக்கிரமும் ஏசி ஓடாத மாதங்களில் மெதுவாகவும் திரும்பும். மொத்தத்தில் ஒன்றரை, இரண்டு ஆண்டு. வாடகை வீடு என்று தயங்க வேண்டாம். ஓனருடைய ஃபேனைக் கழற்றிப் பரணில் போட்டுவையுங்கள், காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டு உங்களுடையதை எடுத்துப் போகலாம். தவணையில் வாங்கும்போது "வட்டியில்லாத் தவணை" என்பதை நம்பாதீர்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டுவார்கள், ஆனால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நடைமுறைக் கட்டணமும் கார்டில் வந்து நிற்கும்.

கடைசியாக, மீட்டரை நீங்களே படியுங்கள். 500ஐ 60ஆல் வகுத்தால் நாளுக்கு 8.3, வாரத்துக்கு 58. கணக்கெடுத்த அன்று அட்டையில் இருக்கும் எண்ணைச் சுவர்க் காலண்டரில் எழுதி, ஒவ்வொரு ஞாயிறும் பாருங்கள். ஆறாவது வாரம் 350ஐத் தாண்டியிருந்தால் மீதி நாளில் ஏசியைப் பிடித்து ஓட்டலாம். பில் வந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

---

குட்டிம்மா_அம்மா

மூன்று பேருக்கும் நன்றி. அடகு இரண்டு ரசீதுதான், ஒன்று 35,000, இன்னொன்று 85,000. சின்னதை முதலில் மீட்கப் பார்க்கிறோம். ஏசி ஓனர் போட்டது, ஒரு டன் இன்வெர்ட்டர்தான். சமையல் பக்கம் யாராவது சொல்லுங்களேன். குடிக்க தினமும் பத்து லிட்டர் போலத் தண்ணீர் கொதிக்க வைக்கிறேன், அதனால்தான் கேஸ் சீக்கிரம் தீர்கிறதா?

---

பதில் 4: செங்கல்பட்டு_சரசு

அதேதான் கண்ணு. பத்து லிட்டர் தண்ணீரைக் கொதி வரும்வரை காய்ச்ச ஏறக்குறைய 100 கிராம் கேஸ் போகும். 35 நாளில் மூன்றரை கிலோ, அதாவது சிலிண்டரில் கால் பங்கு. குழந்தைக்கு வேண்டிய இரண்டு லிட்டரை மட்டும் மூடி போட்டுக் காய்ச்சு. பெரியவர்களுக்குக் கேன் தண்ணீரோ ஃபில்டரோ போதும். கெட்டிலுக்கு மாற்றினாலும் பெரிய லாபம் இல்லை. பத்து லிட்டருக்கு ஒரு யூனிட் ஆகும், மாமா சொன்ன 500 யூனிட் வரம்பை அது தாண்ட வைக்கும்.

பருப்பை அரை மணி, கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறப்போட்டுக் குக்கரில் வை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். பெரிய தீயில் ஆறு விசில் விடுவது ஆவியைக் காற்றில் விடுகிற வேலை. தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் அடைத்திருக்கிறது. மூடியைக் கழற்றி சோடா உப்பு வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் குத்திக் காயவைத்து மாட்டு.

சிலிண்டர் வரும்போது எடை பார். வளையத்தில் காலி எடை அடித்திருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய எடை. தொங்கு தராசு டெலிவரிக்காரரிடம் இருக்க வேண்டும், கேட்டால் எடுப்பார். அதே இடத்தில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தோடு ஆண்டும் இருக்கும். சி 27 என்றால் 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் மறுசோதனை செய்ய வேண்டிய சிலிண்டர். நாள் கடந்தது வந்தால் திருப்பி அனுப்பிவிடு. பில்லில் டெலிவரி கட்டணமும் சேர்ந்தேதான் இருக்கிறது, மேலே கொடுப்பது உன் மனசு.

தடுப்பூசிக்கு 3,800 எதற்கு? 16 மாதத்தில் போட வேண்டிய எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) இரண்டாம் தவணை, டி.பி.டி. என்ற முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர், போலியோ சொட்டு எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். இதுவரை தனியாரில் போட்டிருந்தால் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போ, நர்ஸம்மா அதைப் பார்த்துத்தான் போடுவார். அங்கே போடும் டி.பி.டி.க்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் தொடை வீக்கமும் வரலாம். தனியாரில் வலியில்லா ஊசி என்பது வேறு வகை, அதற்குத்தான் அந்த விலை. சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ மாதிரி சில ஊசி அரசுப் பட்டியலில் இல்லை. வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு அதை மட்டும் தனியாரில் போட்டுக்கொள்ளலாம். அப்படியே அங்கன்வாடியில் பெயரைப் பதிந்துவிடு. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை சத்துமாவு கொடுப்பார்கள், உருண்டை பிடிக்கலாம், கஞ்சி காய்ச்சலாம்.

டயாப்பர் 2,400 என்றால் நாளுக்கு ஆறு மாற்றுகிறாய். ராத்திரிக்கு ஒன்று, வெளியே போக ஒன்று, அது போதும். பகலில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தைத்த பன்னிரண்டு துண்டு, அதோடு உள்துணி வைக்கும் துணி டயாப்பர் நான்கு வாங்கு. தோய்க்கும்போது கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் போடவே கூடாது. நூலின் மேல் படிந்து ஈரம் உறிஞ்சாமல் வழிய விட்டுவிடும், அப்புறம் "துணி டயாப்பர் சரியில்லை" என்று தூக்கிப் போடுவார்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசு, பிறகு சோப்பு, வெயிலில் உலர்த்து. ஐப்பசி கார்த்திகையில் உள்துணிதான் காயாது, அதனால் மேலுறையைக் கூட்டாமல் உள்துணியை மட்டும் கூடுதலாக வாங்கி வை. வைப்ஸுக்குப் பதில் வெதுவெதுப்பான தண்ணீரும் பருத்தித் துணியும். மாதம் 1,500 மிச்சமாகும். 14 மாதம் ஆகிவிட்டதே, சாப்பிட்டு முடித்ததும் குழந்தைகளுக்கான கழிப்பு இருக்கையில் உட்காரவைத்துப் பழக்கு.

ரேஷன் கார்டைத் தள்ளிப் போடாதே. மாமியார் கார்டிலிருந்து உங்கள் பெயரை நீக்கி, அரசின் ரேஷன் இணையதளமான டி.என்.பி.டி.எஸ்.இல் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தனிச் சமையல், தனி கேஸ் இணைப்பு இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் புத்தகம் தயாராக இருக்கட்டும், குழந்தை பெயரையும் சேர்த்தே போடு. விண்ணப்பத்தில் அரிசி அட்டை என்பதைத் தேர்ந்தெடு, சர்க்கரை அட்டையில் அரிசி வராது. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, சர்க்கரை 25. பருப்பும் எண்ணெயும் கார்டுக்கு இவ்வளவு என்பதால் ஒரு வீடு இரண்டாகப் பிரிந்தால் இரண்டு பேருக்கும் கிடைக்கும். ஊரில் அவர்களுக்கு அரிசி அளவு குறையும், அதை முன்னாலேயே சொல்லிவிடு, பின்னால் மனத்தாங்கல் வேண்டாம்.

ரேஷன் புழுங்கலரிசி இட்லிக்கு நன்றாகவே வரும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி ஐந்து மணி நேரம் ஊற வேண்டும், உளுந்து முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். கூட ஊறினால் மாவு பொங்காது. ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை. ஒரு கிலோ அரிசிக்கு மூன்று கிலோ மாவு போலக் கிடைக்கும். கிரைண்டர் முக்கால் மணி ஓடினாலும் 150 வாட் மோட்டாருக்குக் கரண்ட் ஒரு ரூபாய் ஆகாது. கடை மாவு விலையோடு நீயே ஒப்பிட்டுப் பார்.

சாப்பாட்டு அரிசியை மூட்டையாக வாங்கினால் 26 கிலோ பையாக வாங்கு. 25 கிலோ வரை பையில் அடைத்து விற்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேல் இல்லை. 2022இல் அந்த வரி வந்த பிறகுதான் கடையில் 26 கிலோ பை பெருகியது. எண்ணெய் பாக்கெட்டில் கிராமைப் பார். ஒரு லிட்டர் என்பது 910 கிராம், இப்போது அதே உயரத்தில் 850 கிராம், 750 கிராம் பாக்கெட் எல்லாம் நிற்கிறது. அலகு விலை என்று பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், ஒப்பிட வேண்டியது அதைத்தான். பாலுக்கு ஆவின் மாத அட்டை போட்டால் பாக்கெட் விலையைவிடக் குறையும்.

வெளிச்சாப்பாட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆப்பில் போடாமல் கடைக்கு நடந்து போய்ப் பார்சல் வாங்கு, ஒரே பிரியாணிக்கு இரண்டு விலை இருப்பது தெரியும்.

---

குட்டிம்மா_அம்மா

சரசு அக்கா, புதன்கிழமையே போகிறேன். மீட்டர் மாமா, ஒரு சந்தேகம். இங்கே சுவரில் பழைய பெட்டி ரெகுலேட்டர் இருக்கிறது. பி.எல்.டி.சி. ஃபேனை அதிலேயே இணைக்கலாமா? பக்கத்து வீட்டில் மாட்டி ஒரு வாரத்தில் ஃபேன் நின்று நின்று ஓடுகிறது.

---

பதில் 5: மீட்டர்_மாமா

பக்கத்து வீட்டுக் கோளாறு அநேகமாக அந்த ரெகுலேட்டரால்தான். பி.எல்.டி.சி. ஃபேனுக்குள்ளேயே வேகக் கட்டுப்பாட்டுக்கு எலக்ட்ரானிக் பலகை இருக்கிறது, ரிமோட்டில்தான் வேகம் மாற்ற வேண்டும். ரெகுலேட்டர் நடுவில் இருந்து மின்னழுத்தத்தைக் குறைத்தால் பலகை அணைந்து அணைந்து எரியும், நாளடைவில் கெட்டே போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ரெகுலேட்டரை மின்சுற்றிலிருந்து விலக்கி, சுவிட்சிலிருந்து நேராக ஃபேனுக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். பெட்டி சுவரிலேயே இருக்கட்டும், ஓனர் கேட்டால் பத்து நிமிடத்தில் திரும்ப இணைத்துவிடலாம். விலக்கும்வரை ரெகுலேட்டரை முழு வேகத்தில் விட்டு அதைத் தொடாமல் இருங்கள்.

வாரண்டி அட்டையில் மோட்டாருக்கு எத்தனை ஆண்டு, பலகைக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள். கெட்டுப்போவது பலகைதான். வாங்கிய பில்லை போனில் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அடித்த பில் ஆறு மாதத்தில் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும்.